வாக்குத்தத்தமும் நங்கூரமும்



பெங்களூருவில் உள்ள நம்முடைய தமிழ்ச் சபைகளின் வாசலில் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சற்று நின்று பாருங்கள். முன்பு இரு சக்கர வாகனங்களும் ஒன்றிரண்டு சிறிய கார்களும் நின்ற இடத்தில் இன்று உயரமான ஜீப் வகை வண்டிகள் நிற்கின்றன. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தர்மபுரியிலும் பிறந்து, எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கும் நம்முடைய வாலிபர்கள் அவற்றை வாங்குகிறார்கள். போதகரை அழைத்து ஜெபிக்கச் சொல்லுகிறார்கள். முன் கண்ணாடியில் ஒரு வசனத்தை ஒட்டுகிறார்கள். இவையெல்லாம் நல்லவையே. அடுத்த விடுமுறைக்குச் சக்லேஷ்பூர், கொடசாத்ரி என்று மண்பாதைகளைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அஞ்செட்டி, பர்கூர், ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஊழியத்திற்காகச் செல்லுகிறார்கள்.

சாலையில்லாத இடத்தில் வண்டி ஓட்டுவதை இன்று ‘ஆஃப்ரோடு’ என்று அழைக்கிறார்கள். இது பாவமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். மலையையும் ஆற்றையும் உண்டாக்கினவர் நம்முடைய தேவன். அவற்றைக் காணச் செல்லுவது பாவமல்ல. ஆனால் ஆயத்தமில்லாமல் செல்லுவதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுவோமானால், அதைக் குறித்து நாம் பேசியே ஆகவேண்டும். ‘ஜெபித்துவிட்டோம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்ற சொல்லைப் பல வீடுகளில் கேட்கிறோம். இம்மாதம் அதைச் சோதித்துப் பார்ப்போம்.

இரண்டு வேதப் பகுதிகள்

மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் பிசாசானவன் ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தினான். தாழக் குதிக்கும்படி சொன்னான். தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு வேதவாக்கியத்தையே எடுத்துக் காட்டினான். அந்த வாக்கியம் பொய்யல்ல, அது சங்கீதத்தில் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவைச் சோதித்துப் பார்க்கும் செயல் அது என்று மறுத்துவிட்டார். பாதுகாப்பைக் குறித்த வாக்குத்தத்தம் ஆபத்தில் குதிப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல என்பதை அவரே நமக்குக் காண்பித்திருக்கிறார்.

இரண்டாவது பகுதி அப்போஸ்தலர் 27. பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் கொண்டுபோகப்படுகிறார். பிரயாணத்திற்கேற்ற காலம் கடந்துவிட்டது, இப்போது புறப்பட்டால் சேதம் வரும் என்று அவர் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். தென்றல் மெதுவாக வீசியபோது எல்லாம் நலமாகத் தோன்றியது. புறப்பட்டார்கள். சிறிது நேரத்திற்குள் கடுங்காற்று மோதிற்று.

அந்தப் புயலின் நடுவில் தேவதூதன் பவுலிடம் வந்து, கப்பலில் உள்ள ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று அறிவித்தான். 276 பேருக்கும் வாக்குத்தத்தம் கிடைத்துவிட்டது. அதன்பின்பு நடந்தது என்ன? கப்பலாட்கள் இருட்டில் விழுதுவிட்டு ஆழத்தை அளந்தார்கள். முதலில் இருபது பாகம், சற்று அப்புறம் பதினைந்து பாகம். பாறையில் மோதுவோம் என்று பயந்து, பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டார்கள். தப்பியோட முயன்ற கப்பலாட்கள் கப்பலிலேயே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் தப்பமுடியாது என்று பவுல் சொன்னார். எல்லாரும் சாப்பிடவேண்டும் என்று வற்புறுத்தினார். பின்பு கோதுமையைக் கடலில் எறிந்து பாரத்தைக் குறைத்தார்கள்.

வாக்குத்தத்தம் கையில் இருந்தபோதே ஆழத்தை அளந்தார்கள், நங்கூரம் போட்டார்கள், பாரத்தைக் குறைத்தார்கள். பவுல் இவற்றை அவிசுவாசம் என்று தடுக்கவில்லை. இந்த ஒரு சத்தியத்தை மனதில் வைத்துக்கொண்டு வண்டியினிடத்திற்கு வருவோம்.

வண்டியை அறிந்துகொள்ளுங்கள்

ஷோரூமிலிருந்து வந்தபடியே உள்ள வண்டியால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை முதலாவது அறியவேண்டும். உருவத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியும், இரண்டு சக்கரங்களுக்கு மாத்திரம் விசை செல்லும் வண்டியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டியில் நான்கு சக்கர விசை உண்டு. ஆனால் 2023 ஜனவரியில் பின் சக்கர விசை மாத்திரம் உள்ள தாரும் விற்பனைக்கு வந்தது. சேற்றில் இறங்கியபின்பு இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளுவது நல்லதல்ல.

வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேற்சொன்ன நான்கு சக்கர விசைத் தாருக்கு அது 226 மில்லிமீட்டர். 2023-இல் வந்த மாருதி ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர். ஒரு சாதாரண பள்ளிக்கூட அடிக்கோலின் நீளம் 300 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட உயரமான கல் சக்கரங்களுக்கு நடுவே வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியும் அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

அடுத்ததாக, வண்டியை மாற்றியமைக்கும் ஆசை. முன்பக்கம் கனமான இரும்புக் கம்பித் தடுப்பு, மிகப் பெரிய சக்கரங்கள், உயர்த்தப்பட்ட ஸ்பிரிங் என்று நண்பர்கள் ஆலோசனை சொல்லுவார்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அவை பாதசாரிகளுக்கு ஆபத்தானவை. மோதலின்போது காற்றுப்பை சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கக்கூடும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே, வந்தபடியே உள்ள வண்டியை நன்றாகப் பராமரிப்பதே சட்டத்திற்கும் ஞானத்திற்கும் ஏற்றது. தேசத்தின் சட்டத்திற்குக் கீழ்ப்படிவது விசுவாசியின் கடமை என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மாற்றவேண்டியது ஒன்று உண்டானால் அது டயர். தேய்ந்த டயருடன் மண்பாதைக்குச் செல்லாதீர்கள். ஆர்.சி. புத்தகத்திற்கும் தயாரிப்பாளரின் கையேட்டிற்கும் ஏற்ற அளவிலேயே, மண்ணுக்கும் தார்ச்சாலைக்கும் பொருந்தும் பட்டையுள்ள டயரைப் போட்டுக்கொள்ளலாம்.

உடன் எடுத்துச் செல்லவேண்டியவை

நல்ல நிலையில் உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர். ஜாக்கி சேற்றில் புதையாதபடி அதன் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை. டயருக்குக் காற்றடிக்கும் சிறிய பம்பு, காற்றழுத்தம் பார்க்கும் கருவி. மண்வெட்டி. வண்டியை இழுப்பதற்கென்றே செய்யப்பட்ட அகலமான பட்டை, அதற்கேற்ற இரும்பு ஷேக்கிள் இரண்டு. டார்ச் லைட், முதலுதவிப் பெட்டி, தீயணைக்கும் சிறிய சிலிண்டர். ஒரு நாள் பயணமானாலும் இரண்டு நாளுக்குப் போதுமான குடிநீர், ஆகாரம், தவறாமல் உட்கொள்ளவேண்டிய மருந்துகள்.

இவற்றில் பெரும்பாலானவை அலங்கார விளக்குகளைவிட விலை குறைந்தவை. ஆனால் படத்தில் அழகாகத் தெரியாதவை. ஆகவே வாலிபர்கள் இவற்றைக் கடைசியில் வாங்குகிறார்கள்.

பொருட்களை அள்ளிக் குவிக்கவும் கூடாது. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். கூரைமேல் பாரம் ஏற்ற ஏற்ற, பக்கவாட்டுச் சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பு அதிகரிக்கும். பாரமானவற்றைத் தாழ்வாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாமல் வைத்த ஜாக்கி, மேட்டில் குலுங்கும்போது பின்னால் இருப்பவரின் தலையை உடைத்துவிடும்.

ஓட்டுகிறவனை ஆயத்தம்பண்ணுங்கள்

ஓசூர் சாலையிலும் சில்க் போர்டு நெரிசலிலும் பத்து வருடம் ஓட்டினேன் என்பது ஒரு தகுதிதான். ஆனால் அது வேறு வித்தை. நெரிசலில் இடைவெளி கண்டவுடன் முந்துகிறோம். மண்பாதையில் இடைவெளி கண்டாலும் நிற்கக் கற்றுக்கொள்ளவேண்டும். ஆகவே முதல் பயணத்தைக் குடும்பத்தோடும் பிள்ளைகளோடும் செய்யாதீர்கள். அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அனுமதியுள்ள ஒரு வெற்று நிலத்தில் இரண்டு மூன்று நாட்கள் பழகுங்கள்.

முதலாவது, ‘ஃபோர் லோ’ என்னும் தாழ்நிலையை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று பழகவேண்டும். அதில் சக்கரத்திற்குச் செல்லும் வலிமை பெருகும், வேகம் குறையும். செங்குத்தான இறக்கத்தில் தாழ்நிலையில் முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். நம்முடைய கிராமத்து மாட்டுவண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து இறக்குவார்கள் அல்லவா? அதே தத்துவம்தான். பிரேக்கை மாத்திரம் நம்பி இறங்கினால் ஈரமண்ணில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். நான்கு சக்கர விசை ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

இரண்டாவது, ஏற்றத்தை நேராக ஏறவேண்டும், குறுக்கே அல்ல. பாதியில் வண்டி நின்றுவிட்டால் அங்கேயே திருப்ப முயலாதீர்கள். வண்டி உருளுவதற்கு அதுவே முக்கியக் காரணம். பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியரைப் போட்டு, வந்த வழியே நேராகப் பின்னால் இறங்குங்கள்.

மூன்றாவது, பெருவிரலை ஸ்டியரிங் வளையத்திற்குள் கோர்த்துப் பிடிக்கக்கூடாது. சக்கரம் கல்லில் மோதும்போது வளையம் திடீரென்று சுழன்று விரலை முறித்துவிடும். வேகம் மெதுவாக இருந்தாலும் அனைவரும் சீட் பெல்ட் அணியவேண்டும். பின்னால் நின்றுகொண்டோ, கதவில் தொங்கிக்கொண்டோ ஒருவரும் வரலாகாது.

நான்காவது, டயரின் காற்று. சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்திருந்தால், கல்லும் மண்ணும் கலந்த பாதையில் அதை ஏறக்குறைய 24 அல்லது 25-ஆகக் குறைக்கலாம். ஆழமான மணலிலும் சேற்றிலும் இருபதளவில் இறக்குவார்கள். காற்று குறையும்போது டயர் தரையில் அகலமாகப் படிந்து பிடிப்பைத் தருகிறது. மிகவும் குறைத்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலையைத் தொட்டவுடன் நின்று மறுபடியும் காற்றடிக்கவேண்டும். குறைந்த காற்றுடன் நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றால் டயர் சூடேறி வெடிக்கும். காற்றடிக்கும் பம்பு இல்லாதவர் காற்றை இறக்கவும் வேண்டாம்.

ஐந்தாவது, தெரியாத இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்து பாருங்கள். கால்மணி நேரம் வீணாகிறதே என்று வருத்தப்படாதீர்கள். கடினமான இடத்தில் ஒருவர் முன்னே நின்று கைச்சாடை காட்டட்டும். ஒருவர் மாத்திரமே காட்டவேண்டும். நான்கு பேர் நான்கு விதமாகச் சத்தமிட்டால் ஓட்டுகிறவன் குழம்பிப்போவான்.

கொடசாத்ரி மலைக்கும், தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கும் வாடகை ஜீப்புகள் ஏறுகின்றன. அவற்றை ஓட்டும் உள்ளூர்ச் சகோதரர்களைக் கவனியுங்கள். நாள்தோறும் அதே பாதையில் சென்றுவருகிறவர்கள் அவர்கள். பாதையை அறியாத முதல் பயணத்தில் உங்கள் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அவர்களுடைய ஜீப்பில் ஏறிச் செல்லுவது அவமானமல்ல. அவர்கள் எங்கே மெதுவாகிறார்கள், எங்கே கியரை மாற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே செல்லலாம். அவர்களுக்கும் அது பிழைப்பு.

தண்ணீரைக் குறித்து ஜாக்கிரதை

சாலையற்ற பயணத்தில் மிகவும் பயப்படவேண்டியது தண்ணீர். நியாயாதிபதிகள் 4, 5 அதிகாரங்களில் சிசெராவுக்கு 900 இருப்பு ரதங்கள் இருந்ததாக வாசிக்கிறோம். அக்காலத்து இஸ்ரவேலுக்கு அவை எவ்வளவு பயங்கரமாயிருந்திருக்கும்! ஆனால் கீசோன் நதி பெருக்கெடுத்தபோது அந்த இரும்பு எதற்கும் உதவவில்லை. சேனாபதி ரதத்தைவிட்டு இறங்கிக் கால்நடையாய் ஓடினான்.

தார் வண்டி 650 மில்லிமீட்டர் தண்ணீரைக் கடக்கும் என்று தயாரிப்பாளர் சொல்லுகிறார். அதை ஓடுகிற ஆற்றுக்குப் பொருத்தாதீர்கள். ஓடும் தண்ணீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய கார்களை மிதக்கவைத்துத் தள்ளக்கூடும். இரண்டடி இருந்தால் பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லும். அப்போஸ்தலர் 27-இல் கப்பலாட்கள் விழுதுவிட்டு அளந்ததுபோல், நீங்களும் கோலால் அளந்து பாருங்கள். நடந்து கடக்க அஞ்சும் நீரோட்டத்தில் வண்டியை இறக்காதீர்கள்.

கனகபுராவைத் தாண்டிச் சங்கமத்திற்கு நம்மில் பலர் சென்றிருப்போம். அர்க்காவதி காவிரியில் கலக்கும் இடம் அது. அங்கும், கீழே ஒகேனக்கல்லிலும், தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் மேலே கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் தண்ணீர் திறக்கப்பட்டிருந்தால் ஆறு ஏறிவிடும். கண்ணால் காணும் வானத்தை மாத்திரம் நம்பக்கூடாது. மெதுவாக வீசிய தென்றல் பவுலின் கப்பலாட்களை ஏமாற்றியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால், மறுபடியும் சாவியைத் திருப்பாதீர்கள். காற்று செல்லும் வழியாகத் தண்ணீர் உள்ளே சென்றிருந்தால், எஞ்சினின் உட்பாகங்கள் வளைந்து முறியும். வண்டியை இழுத்து வெளியே எடுத்து, மெக்கானிக்கிடம் காண்பித்த பின்பே இயக்கவேண்டும். இப்படிக் கெட்டுப்போன எஞ்சினுக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தருவதில்லை. அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருக்கவேண்டும்.

காலமும் அனுமதியும்

எலியா தீர்க்கதரிசி கர்மேல் பர்வதத்தில் ஜெபித்து மழையைப் பெற்றார். கையளவு மேகம் தெரிந்தவுடனே அவர் செய்த முதல் காரியம், மழை வழியை அடைப்பதற்கு முன்னே ரதத்தைப் பூட்டிப் புறப்படும்படி ஆகாபுக்குச் சொல்லியனுப்பியதுதான். மழையைக் கேட்டுப் பெற்ற மனிதரே மழையில் ரதம் சிக்கும் என்று அறிந்திருந்தார்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் புதியவர்கள் மண்பாதையைத் தவிர்ப்பது நலம். 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் ஏற்பட்டன. 2024 ஜூலை 16 அன்று வட கன்னட மாவட்டம் சிரூரில் தேசிய நெடுஞ்சாலையின்மேலேயே மலை சரிந்தது. அதே ஜூலை 30 அன்று வயநாட்டில் 200-க்கும் அதிகமானோர் மரித்தார்கள். தார்ச்சாலைக்கே இந்நிலை என்றால், மழையில் ஊறிய மண்பாதையைக் குறித்து என்ன சொல்லுவது?

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் மரித்தார்கள். காடு நம்முடைய விருப்பத்திற்கு இசைந்து நடப்பதில்லை. வனத்துறையின் அனுமதி என்பது தொல்லைக்காக ஏற்பட்ட காகிதம் அல்ல. நீங்கள் உள்ளே இருப்பதை அறிந்த ஒருவர் வெளியே இருக்கிறார் என்பதற்கு அது உறுதி. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதியின் காடுகள் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் சேர்க்கப்பட்டன. யானைகள் நடமாடும் இடம் அது. மாலை மங்குவதற்கு முன்னே மலையைவிட்டு இறங்கிவிடுங்கள். பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனத் தடை இருப்பதை நாம் அறிவோம். ஊழியத்திற்குச் செல்லுகிறோம் என்பதனால் யானை நமக்கு வழிவிடும் என்று எண்ணவேண்டாம்.

சிக்கிக்கொண்டால்

ஒரு வண்டி தனியாகச் செல்லக்கூடாது. குறைந்தது இரண்டு வண்டிகள் செல்லட்டும். சக்கரம் சேற்றில் சுழன்றால் ஆக்ஸிலேட்டரை மேலும் மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். இறங்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி, கல்லோ பலகையோ இட்டு, மெதுவாக எடுக்கவேண்டும்.

இழுக்கவேண்டி வந்தால், தயாரிப்பாளர் கொடுத்த இழுவைக் கொக்கியில் மாத்திரம் பட்டையை மாட்டுங்கள். பம்பரிலோ, கேரவன் இழுக்கும் உருண்டையிலோ மாட்டாதீர்கள். அது பெயர்ந்தால் துப்பாக்கிக் குண்டுபோலப் பறந்து ஆளைக் கொன்றுவிடும். பட்டையின் நடுவில் ஒரு கனமான சாக்கையோ ஈரப் போர்வையையோ போட்டுவையுங்கள். அறுந்தால் அது வேகத்தைக் குறைக்கும். ஓட்டுகிறவர்களைத் தவிர மற்ற யாவரும் பட்டையின் நீளத்தைவிட அதிக தூரத்தில், பக்கவாட்டில் விலகி நிற்கவேண்டும். இந்த ஒரு பாராவையாவது பயணத்தில் செல்லும் ஒவ்வொருவரும் வாசிக்கும்படி செய்யுங்கள்.

பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அருகிலுள்ள மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்று புறப்படுமுன்னே குறித்துக்கொள்ளுங்கள். 108, 112 என்ற எண்கள் உங்களுக்குத் தெரியும். ஆனால் காட்டில் செல்போன் சிக்னல் கிடைக்காது. ஆகவே வரைபடத்தை முன்பே போனில் பதிவிறக்கி வைத்திருங்கள்.

திரும்பி வருகிறவர்கள்

உபாகமம் 22-இல் ஒரு சிறிய பிரமாணம் இருக்கிறது. புது வீட்டைக் கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவரைக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்து ஒருவன் விழுந்து சாகும் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். புது வண்டி வாங்குகிறவனுக்கும் இது பொருந்தும். உங்கள் வண்டியில் ஏறுகிற நண்பன் ஒரு தாயின் பிள்ளை. சனிக்கிழமை காலையில் அவனை அழைத்துச் செல்லும்போது அந்தத் தாய்க்கு நீங்கள் பொறுப்பாளியாகிறீர்கள். அவள் பாளையங்கோட்டையிலோ வேலூரிலோ தூரத்தில் இருந்துகொண்டு, மகன் பெங்களூருவில் அறையில் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடாது.

ஆகவே பெற்றோருக்கும் மனைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். கோபிக்காமல் கேளுங்கள். எங்கே செல்லுகிறீர்கள், எத்தனை வண்டி, உடன் வருவது யார், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யாரை அழைக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கோபித்தால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போகிறவர்களைத் தேட எந்தக் காட்டுக்குச் செல்லுவது?

வாலிபத் தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சாலையற்ற பாதையில் கற்றுக்கொள்ளக் கடினமான வித்தை, ஆறு வரை சென்று, ஆழத்தைப் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதுதான். நண்பர்கள் நகைப்பார்கள். செலவழித்த டீசலும் விடுமுறையும் கண்ணுக்கு முன் நிற்கும். மறுகரையில் உள்ள கிராமத்தில் நமக்காகக் காத்திருக்கிறார்களே என்று ஊழியக்காரருக்கும் தோன்றும். லூக்கா 14-இல் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் போதித்தார். கணக்குப் பார்த்துப் போதாது என்று கண்டால், கட்டாமல் விடுவதும் அந்தப் போதனைக்குக் கீழ்ப்படிவதே. அடுத்த வாரம் தண்ணீர் வடிந்தபின் அந்தக் கிராமத்திற்குச் செல்லலாம். சுவிசேஷம் ஒரு வாரத்தில் பழையதாகிவிடாது. இழந்துபோன உயிரோ அடுத்த வாரம் திரும்பி வராது.

வண்டியின்மேல் ஜெபிக்க அழைக்கும்போது போதகர்கள் மகிழ்ச்சியோடு வருவோம். அன்றைய தினம் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் நாங்கள் கேட்டால் மனம் நோகாதீர்கள். இரண்டும் ஒரே அன்பிலிருந்து வருகிறவை.

நம்மைக் காக்கிற தேவன் உறங்குகிறவரல்ல. அவர் கொடுத்த புத்தியை நாமும் உறங்கவிடாதிருப்போம். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் கர்த்தர்தாமே உங்களோடிருந்து, உங்களைப் பத்திரமாய் வீடு சேர்ப்பாராக. ஆமென்.